மாமாவின் இடக்கை

சென்ற மாதம் ஒரு நாள் எங்கள் கல்லூரி ஆசிரியர் அறையில் நண்பர் ஒருவர் என்னை மடக்கினார். "நாற்பது வருசத்துப் பழைய ஓர்கனுக்குப் புதுப் பலகை பூட்டியிருக்கிறீங்களாம். அந்தக் காசோடு இன்னும் கொஞ்சம் போட்டால் புதிசாகவே ஒன்று வாங்கியிருக்கலாமே, சேர்?" என்றார். நியாயமான கேள்விதான். நான் வாய் திறப்பதற்குள் மணி அடித்துவிட்டது. அவர் கணிதத்துக்கும் நான் பௌதிகவியலுக்கும் போய்விட்டோம். வழியில் நின்றபடி சொல்லக்கூடிய விடையும் அன்று அது. ஆகவே இந்த ஞாயிற்றுக்கிழமையின் ஓய்வைத் துணைகொண்டு எழுதுகிறேன்.

ஊரார் ஓர்கன் என்று சொல்வது உண்மையில் ஓர்கன் அன்று, சின்தசைசர். ஜப்பானின் ரோலண்ட் நிறுவனத்தார் 1982ஆம் ஆண்டில் வெளியிட்ட ஜூனோ 6 என்னும் கருவி. என் தாயாரின் தம்பியாகிய மாமா மத்திய கிழக்கில் மூன்று ஆண்டு உழைத்துவிட்டு 1984இல் ஊர் திரும்பினார். மற்றவர்கள் தொலைக்காட்சிப் பெட்டியும் தையல் இயந்திரமும் சுமந்து வந்த காலத்தில் மாமா இதைச் சுமந்து வந்தார். எங்கள் பெத்தா இரண்டு நாள் அவருடன் பேசவில்லையாம்.

அறுபத்தொரு கட்டைகள். ஒரே வேளையில் ஆறு சுரங்கள் ஒலிக்கும். அதற்கு மேல் இல்லை. உள்ளே ஒலி எதுவும் எண்ணாகச் சேமித்து வைக்கப்பட்டிருக்கவில்லை. கட்டையை அழுத்தும்போது மின்சுற்றில் ஓர் அலை பிறக்கிறது. அது வடிகட்டப்பட்டு, பெருக்கப்பட்டு, ஒலிபெருக்கியால் வெளிவருகிறது. சுருதியைக் காக்கும் பொறுப்பு மட்டும் எண்முறையில் அமைந்திருப்பதால் எங்கள் சித்திரை வெயிலிலும் சுருதி விலகுவதில்லை. கருவிக்கு நினைவு என்பது கிடையாது. ஒரு தொனி வேண்டுமாயின் முகப்பிலுள்ள பிடிகளை ஒவ்வொன்றாக மேலும் கீழும் நகர்த்தி நாமே ஆக்கிக்கொள்ள வேண்டும். இன்னொரு பாட்டுக்குப் போனால் முன்னைய தொனி போயிற்று. ஆகையால் மாமா பிடிகளின் ஓரத்தில் பென்சிலால் சிறு கோடுகள் இட்டுவைத்திருக்கிறார். ஒவ்வொரு கோட்டுக்கும் ஓர் எழுத்து. 'நா' என்றால் நாகசுரம், 'வ' என்றால் வயலின், 'மீ' என்றால் மீன். மட்டக்களப்பில் பிறந்து சின்தசைசர் வாங்கிய ஒருவர் பாடும் மீனைப் பாடவைக்க முயலாமல் இருந்தால்தான் வியப்பு! கல்லடிப் பாலத்தின் கீழ்த் தோணியில் இருந்து, துடுப்பின் ஒரு முனையை நீரில் விட்டு மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்டவர்கள், மாமாவின் 'மீ' பொருந்துகிறது என்றார்கள். எனக்கு அது வயல் தவளையாகவே கேட்டது.

அந்தக் கருவி கோயில் திருவிழா இரவுகளையும் கலியாண வீடுகளையும் கண்டது. 1990க்குப் பின்னர் மின்சாரமே இல்லாத நெடிய இரவுகளில் பழைய சேலை ஒன்றால் போர்த்தப்பட்டுக் கட்டிலின் கீழ்க் கிடந்தது. 2004 திசெம்பர் 26ஆம் நாள் கடல் ஏறி வந்து மாமாவின் கல்லடி வீட்டைத் தூக்கிச் சென்றபோது, திருவெம்பாவைப் பூசைக்கென்று வாவிக்கு இப்பால் எங்கள் வீட்டுக்குக் கொண்டுவரப்பட்டிருந்த கருவி மட்டும் தப்பியது. அந்த வீட்டிலிருந்து மிஞ்சிய பொருள் என்று மாமி காட்டுவதற்கு அதைத் தவிர வேறொன்றும் இல்லை. புதிதாக ஒன்று வாங்கலாமே என்ற நண்பரின் கேள்விக்கு விடையில் ஒரு பாதி இது.

மறுபாதி மாமாவின் கையைப் பற்றியது.

1986இல் 'புன்னகை மன்னன்' படம் வந்தபோது, அதன் இசையை ஒலிநாடாவில் திரும்பத் திரும்பக் கேட்ட மாமா, "இந்த மனிசனுக்கு எத்தனை கை?" என்று கேட்டாராம். இளையராஜா அவர்கள் அப்படத்தின் இசையில் சீக்குவென்சர் என்னும் கருவியைத் துணைகொண்டிருந்தார். ஒரு முறை சொல்லிக்கொடுத்ததைத் தவறாமல் திரும்ப வாசிக்கும் கருவி அது. மாமாவிடம் அது இல்லை. இரண்டு கைகளே இருந்தன. வலக்கை மெட்டை வாசிக்கும். இடக்கைக்கு இரண்டு வேலை. பெரும்பாலும் அது கீழ்க்கட்டைகளில் கோட்ஸ் பிடித்துக்கொண்டிருக்கும். மெட்டில் ஒரு சுரம் குழைய வேண்டிய இடம் வந்தால், கட்டையை விட்டுவிட்டு, இடது ஓரத்தில் உள்ள சிறு தடியைப் பக்கவாட்டில் தள்ளும். அந்தத் தடியே சுரத்தை வளைப்பது. விசைப்பலகைக் கருவியில் கமகம் வராது என்று கர்நாடக சங்கீதக்காரர் குறை சொல்வதுண்டு. மாமாவின் இடக்கை அந்தக் குறைக்குக் கூடியவரை விடை சொல்லிக்கொண்டிருந்தது.

மூன்று ஆண்டுகளுக்கு முன் மாமாவைப் பாரிசவாதம் தாக்கியது. பேச்சு திரும்பியது, நடையும் ஒருவாறு திரும்பியது. இடக்கை திரும்பவில்லை. முதலில் சில நாள் வலக்கையால் மட்டும் வாசித்துப் பார்த்தார். பின் ஒரு நாள் மாமியிடம் சேலையைக் கேட்டு வாங்கிக் கருவியைப் போர்த்திவிட்டார். நான் போகும்போதெல்லாம் விறாந்தையில் இருந்து வானொலி கேட்பார். வானொலியில் பழைய பாட்டு வந்தால் எழுந்து உள்ளே போய்விடுவார்.

இங்கேதான் மிடி என்னும் ஏற்பாடு வருகிறது. மாணவர்கள் பலரும் இதை ஒரு வகை இசை என்று எண்ணியிருக்கிறார்கள். மிடி இசையன்று; ஒலிகூட அன்று. கருவிகள் தம்முள் பேசிக்கொள்ளும் ஒரு சுருக்கெழுத்து என்று சொல்லலாம். 1980களின் தொடக்கத்தில் ஒவ்வொரு நிறுவனத்தாரின் கருவியும் தனித்தனி மொழி பேசியது. ஒன்றை இன்னொன்றுடன் இணைக்க முடியாது. ரோலண்ட் நிறுவனத்தின் இக்குத்தாரோ ககேஹாஷியும் அமெரிக்கரான டேவ் சிமித்தும் இவ்வழக்கை மாற்ற முன்னின்றனர். 1983 சனவரியில், அமெரிக்காவில் நடந்த இசைக்கருவி வணிகக் கண்காட்சியில், இருவரின் நிறுவனக் கருவிகளும் ஒரே கம்பியால் இணைக்கப்பட்டு, ஒன்றில் அழுத்திய கட்டைக்கு மற்றொன்று பாடியது. போட்டி வணிகர்கள் கூடி ஆக்கிய இந்த ஏற்பாட்டுக்கு எவரும் உரிமைப் பணம் கேட்கவில்லை. 2013இல் இருவருக்கும் கிராமி அமைப்பின் தொழில்நுட்ப விருது கிடைத்தது.

அந்தக் கம்பியில் போவது என்ன? எந்தக் கட்டை, எவ்வளவு அழுத்தம், எப்போது விடப்பட்டது என்பவைபோன்ற சிறு செய்திகளே. நடு ஸ்தாயியின் 'சி' கட்டைக்கு எண் 60. ஒரு கட்டையை அழுத்தினோம் என்ற செய்திக்கு மூன்று சொற்கள். செக்கனுக்கு 31,250 துணுக்கு வேகத்தில் அவை போய்ச்சேர ஒரு செக்கனின் ஆயிரத்தில் ஒரு பங்குகூட ஆகாது. இன்னொரு நுட்பமும் உண்டு. செய்தி போய்ச்சேரும் இடத்தில் மின்னோட்டம் நேராக உள்ளே நுழைவதில்லை. வாயிலில் ஒரு நுண்ணிய விளக்கு மின்னுகிறது. எதிரே உள்ள கண் அதைப் பார்த்துச் செய்தியை வாசிக்கிறது. இரு கருவிகளுக்குமிடையே மின்தொடர்பு இல்லாமலே பேச்சு நடக்கிறது. ஒன்றின் இரைச்சலும் பழுதும் மற்றொன்றைத் தொற்றா. உயர்தர வகுப்பில் இதைச் சொல்லும்போதெல்லாம் பின்வாங்கில் இருப்பவர்களும் நிமிர்ந்து உட்கார்கிறார்கள்.

மாமாவின் கருவி இந்த ஏற்பாட்டுக்கு முன்னர்ப் பிறந்தது. ஆயினும் இத்தகைய பழைய கருவிகளின் உள்ளே பொருத்தக்கூடிய சிறு பலகைகளை ஐரோப்பாவில் சிலர் இன்றும் செய்து விற்கிறார்கள். அதைப் பொருத்தினால், இடக்கைப் பகுதியை மாமா தம் வலக்கையாலேயே முதலில் வாசித்து மடிக்கணினியில் பதிக்கலாம். பின் கணினி அதைக் கருவிக்குத் திருப்பிச் சொல்ல, கருவி தன் சொந்தக் குரலிலேயே அதை வாசிக்க, மாமா அதே கட்டைகளில் வலக்கையால் மெட்டை வாசிக்கலாம். ஒலிநாடாவில் பதிந்தால் ஆகாதா என்று கேட்கலாம். ஆகும், ஆனால் நாடா ஓடும் வேகத்துக்கு மனிதன் ஓடவேண்டும். வேகத்தைக் குறைத்தால் சுருதியும் இறங்கும். பதிந்தது ஒலியாக இராமல் விரலின் செய்தியாக இருந்தால், சுருதி மாறாமல் எவ்வளவும் மெதுவாக்கலாம். அறுபத்தெட்டு வயதில், நோயிலிருந்து எழுந்தவருக்கு இந்த வேறுபாடு சிறிதன்று.

என் ஒரு மாதச் சம்பளத்தில் பெரும்பங்கு போயிற்று. ஐந்து வாரத்தில் உள்ளங்கையளவு பலகை வந்துசேர்ந்தது. மாமாவிடம் போய் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டவர், செருகுவாய் வைப்பதற்குக் கருவியின் முதுகில் இரண்டு துளைகள் போடவேண்டும் என்றதும் முகம் மாறினார்.

"கடல் கொண்டுபோகாததை நீ ஓட்டை போடப் போறியா, மனே?"

நான் பேசாமல் வீடு திரும்பினேன். மட்டக்களப்பு மண்ணின் மைந்தரான விபுலானந்த அடிகளை அன்றிரவு நினைத்துக்கொண்டேன். விஞ்ஞானப் பட்டதாரியான அவர் மறைந்துபோன யாழைக் கணக்கிட்டு மீட்க ஆண்டுக்கணக்கில் உழைத்தார். 'யாழ் நூல்' 1947இல் அரங்கேறியது. பழையதைத் தொடவே கூடாது என்று அவர் இருந்திருந்தால் அந்நூல் பிறந்திராது என்று எனக்கு நானே வாதாடினேன். வாதம் பலமானதுதான். எனினும் கருவி என்னுடையது அன்றே! இரண்டு வாரம் பலகை என் மேசை இலாச்சிக்குள் கிடந்தது.

பிறகு மாமாவே தொலைபேசியில் அழைத்தார். "மூங்கிலில் ஓட்டை போட்டவனை ஆரும் ஏசினதில்லைதானே. வா" என்றார். அவ்வளவுதான். துளையிட்டபோது முதுகுத் தகட்டை அசையாமல் பிடித்திருந்தது அவருடைய வலக்கை.

திருகாணிகள் உப்புக்காற்றில் துருப்பிடித்திருந்தன. இரண்டைக் கழற்ற அரைநாள் ஆயிற்று. பற்றாசு பிடித்து, மூடி, கம்பியை மடிக்கணினியில் இணைத்தேன். கணினியிலிருந்து அனுப்பினால் கருவியில் ஓசையே இல்லை. மாமா ஒன்றும் சொல்லவில்லை; அதுதான் பெரிய தண்டனையாக இருந்தது. ஒரு மணி நேரத்துக்குப் பிறகே பிழை தெரிந்தது. ஐந்து ஊசிச் செருகுவாயின் படத்தை முன்பக்கமிருந்து பார்த்துவிட்டுப் பின்பக்கத்தில் கம்பிகளை இணைத்திருக்கிறேன். கண்ணாடியில் வலம் இடமாவதுபோல நான்காம் ஊசியும் ஐந்தாம் ஊசியும் இடம் மாறிவிட்டன. ஒளிவிம்பங்களைப் பற்றி இருபது ஆண்டாகக் கற்பிப்பவன் செய்த வேலை இது! நல்லவேளையாக இந்தப் பிழையால் எதுவும் எரிந்துபோகாதபடி அந்த ஏற்பாட்டைச் செய்தவர்கள் முன்யோசனையுடன் இருந்திருக்கிறார்கள். மாற்றி இணைத்தேன். யாரும் தொடாமலே கருவி ஒரு சுரம் பாடியது. அடுக்களையிலிருந்த மாமி ஓடிவந்தார்.

அடுத்த சனிக்கிழமை பதிவு. மாமா ஆசனத்தை இடப்பக்கம் நகர்த்தி அமர்ந்து, கீழ்க்கட்டைகளின்மேல் வலக்கையை வைத்தார். இடக்கை செய்துவந்ததை வலக்கை செய்யும்போது பெருவிரல் இருந்த இடத்தில் சிறுவிரல் வருகிறது. நாற்பது ஆண்டுப் பழக்கம் தலைகீழாகிறது. ஒரு பாட்டுக்கு மூன்று மணி நேரம் பிடித்தது. வியர்த்துவிட்டார். முடிந்ததும் தேநீரைக் குடித்துவிட்டு உறங்கிப்போனார்.

வீட்டுக்கு வந்து பதிவைத் திரையில் பார்த்தேன். ஒவ்வொரு சுரமும் சிறு பட்டையாகத் தெரியும். தாளம் அங்கங்கே பிந்தியிருந்தது. நான்கு இடங்களில் இரண்டு அடி, மூன்று அடிக்குப் பட்டையே இல்லை; வெறும் இடம். பாவம், தளர்ந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன். தாளத்தை நேராக்கினேன். வெற்றிடங்களில் பக்கத்திலிருந்த கோட்ஸையே படியெடுத்து நிரப்பினேன். கணினியில் இது பத்து நிமிட வேலை. திருத்தியதை அதே பெயரில் சேமித்தும் வைத்தேன். அன்று எனக்கு உண்டான மனநிறைவை இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

மறு சனிக்கிழமை என் மகளையும் அழைத்துப்போனேன். பதினைந்து வயது, மூத்தப்பாவுக்கு இடப்பக்கம் நின்று, அவர் தலையசைக்கும்போது தடியைத் தள்ளுவது அவளுடைய பணி. மடிக்கணினியைத் தட்டினேன். மூன்றாண்டுகளுக்குப் பின் அந்த அறையில் இரண்டு கை வாசிப்புக் கேட்டது. மாமி வாசலில் நின்றார். முதல் இரண்டு வரிகளும் நன்றாக வந்தன. சுரம் குழையும் இடம் வந்தது, மாமா தலையசைத்தார், மகள் தடியைத் தள்ளினாள். மெட்டுச் சுரத்தோடு கீழேயிருந்த கோட்ஸும் சேர்ந்து வளைந்து, மாடு கத்தினாற்போல ஓர் ஓசை எழுந்தது. மகள் பயந்து கையை எடுத்துவிட்டாள்.

மாமா என்னைத் திரும்பிப் பார்த்தார். "இதில கை வைச்சது ஆர்?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தத் தடி ஒரு சுரத்தை மட்டும் வளைப்பதில்லை; ஒலிக்கின்ற அத்தனை சுரங்களையும் ஒருசேர வளைக்கும். மாமா இரு கைகளாலும் வாசித்த காலத்தில் இந்தத் தொல்லை எழுந்ததே இல்லை. ஏனெனில் தடியைத் தள்ளியது கோட்ஸ் பிடித்த அதே கை. அது தடிக்குப் போகும்போது கட்டைகள் தாமாகவே ஓய்ந்துவிடும். வலக்கையால் இடக்கைப் பகுதியைப் பதித்தபோதும், தம் இடக்கை எந்தெந்த இடத்தில் கட்டையை விட்டுத் தடிக்குப் போகுமோ அந்தந்த இடத்தில் மாமா வாசியாது நிறுத்தியிருக்கிறார். தளர்ச்சி என்று நான் கண்ட நான்கு வெற்றிடங்களும் அவர் கை தடியின்மேல் இருந்த நேரங்கள்.

"பழைய பதிவு இருக்கா?" என்றார். இல்லை. செய்முறைப் புத்தகத்தில் ஓர் அளவீட்டைக் கூட அழிக்கக் கூடாது, பிழையென்று பட்டாலும் ஒற்றைக் கோட்டால் வெட்டிவிட்டு அருகே எழுத வேண்டும் என்று மாணவர்களைக் கண்டிப்பவன் நான். தலையை ஆட்டினேன். மூன்று மணி நேர உழைப்பைப் பத்து நிமிடத்தில் அழித்தவனிடம் அவர் கோபிக்கவில்லை. "கிடக்கட்டும். அடுத்த கிழமை திரும்ப வாசிப்பம்" என்று மட்டும் சொன்னார். கோபித்திருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும்.

திரும்ப வாசித்தார். இம்முறையும் தாளம் பிந்தியது. ஆனால் முன்பு பிந்திய இடங்களில் அன்று. வெற்றிடங்கள் மட்டும் அதே நான்கு இடங்களில், மாறாமல் இருந்தன. நான் எதையும் தொடவில்லை. மகள் இப்போது தலையசைப்புக்குக் காத்திருப்பதில்லை. கோட்ஸ் ஓய்ந்ததுமே தடியில் கை வைக்கிறாள். எவ்வளவு தள்ளவேண்டும் என்பதில்தான் இருவருக்கும் இன்னும் தகராறு. "மூத்தப்பா, நீங்கள் சொல்கிறபடி தள்ளினால் சுருதி தாண்டிப்போகுதே" என்கிறாள். "தாண்டட்டும், தாண்டித் திரும்பி வரவேணும்" என்கிறார் அவர்.

மிடியால் ஆகாதவையும் இங்கே உண்டு. இந்தப் பழைய கட்டைகள் மெல்லத் தொட்டதையும் ஓங்கி அடித்ததையும் பிரித்தறியமாட்டா. ஆகவே எல்லாச் சுரத்துக்கும் ஒரே அழுத்த எண்தான் பதிவாகிறது. பிடிகள் நின்ற நிலையும் எங்கும் பதிவாவதில்லை. விரல்கள் செய்ததைக் கணினி அறியும். 'நா'வுக்கும் 'வ'வுக்கும் பிடிகள் எங்கே நிற்கவேண்டும் என்பதை மாமாவின் பென்சில் கோடுகள் மட்டுமே அறியும். அவற்றில் சில மங்கிவிட்டன. என் மகள் ஒரு கொப்பியில் முகப்பைப் படமாக வரைந்து, ஒவ்வொரு கோட்டையும் அளந்து குறித்துவருகிறாள். 'மீ'யையும் குறித்திருக்கிறாள், அது தவளைதான் என்பதில் அவளும் என் பக்கம்.

மாமா வலக்கையால் கோணல்மாணலாக எழுதிய பட்டியல் ஒன்று கருவியின் மேல் ஒட்டப்பட்டிருக்கிறது. அதில் பதினொரு பாட்டுகள். நான்குக்கு இடக்கை பதிந்தாகிவிட்டது. ஒவ்வொன்றையும் இரண்டு பிரதியாக வைத்திருக்கிறேன். ஐந்தாவது பாட்டில் இடக்கை எட்டு இடத்தில் தடிக்குப் போகுமாம். இன்று பின்னேரம் மூன்று மணிக்கு வரச்சொல்லியிருக்கிறார். மாமி மத்தியானமே சேலையை எடுத்து மடித்துவிட்டதாகத் தொலைபேசியில் சொன்னார்.